பாறை நகருமா?

அண்டார்க்டிகாவில் இந்தியா சூட்டிய பெயர்களெல்லாம் வடமொழியாகவே இருக்கின்றன, ஒரு பனியாற்றுக்கேனும் 'தென்பொதிகை' என்று பெயரிட்டிருக்கக் கூடாதா என இலக்கிய நண்பர்கள் சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வடமொழிப் பற்றினால் அல்ல.

ஷிர்மாக்கர் பாலைச்சோலையின் ஓரத்தில், பனிவிரிப்பிலிருந்து நாக்குப் போல் நீண்டு இறங்குகிறது தட்சிண கங்கோத்ரி பனியாறு. 1983-84இல் பனித்தட்டின் மீது அமைந்த நம் முதல் ஆய்வு நிலையத்துக்கும் அதே பெயர்தான். நிலையம் பனியில் புதையுண்டு 1990இல் கைவிடப்பட்டது. பனியாற்றின் பெயர் நிலைத்தது. ஷிர்மாக்கர், 1938-39இல் சென்ற ஜெர்மானியக் குழுவின் விமானி. மேலே பறந்து பார்த்தவர் பெயர் ஒன்று, இமயத்திலிருந்து கடன் வாங்கியது மற்றொன்று. இரண்டும் அந்நிலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தென்பொதிகை மட்டும் என்ன சொல்லிவிடும்?

இதற்குத் தென்துருவம் வரை போக வேண்டியதில்லை. எங்கள் கொருக்குப்பேட்டையில் காக்ரேன் பேசின் சாலை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூருக்குக் கால்வாய் வெட்டுவித்த பேசில் காக்ரேனின் பெயர் அது. அந்தக் கால்வாய்க்குப் பின்னாளில் பக்கிங்காம் என்ற ஆளுநரின் பெயர் வந்தது. மண் சுமந்தவர்கள் அதை என்னவென்று அழைத்தார்களோ, எந்தப் பலகையிலும் இல்லை.

அருகில் வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்கள் வேறு விதம். கங்கோத்ரி பனியாற்றின் முனை கோமுகம், பசுவின் வாய். சியாச்சின் என்றால் பால்டி மொழியில் ரோஜாக்கள் மிகுந்த இடம். கண்ணால் கண்டு வைத்த பெயர்கள். மனிதர் குடியிராத அண்டார்க்டிகாவில் இதற்கு வழியில்லை என்பது உண்மைதான். அங்கே பொதுச்சொல்லாவது சரியாக இருக்க வேண்டாமா?

நம் நாளிதழ்களைப் பாருங்கள். 1912இல் டைட்டானிக் மோதியதும் பனிப்பாறை. பாகீரதி பிறக்குமிடமும் பனிப்பாறை! முன்னது கடலில் மிதந்த துண்டு. பின்னது தன் எடையால் மெல்ல நகர்ந்து இறங்கும் பனித்திரள். பனியாறு என்ற நல்ல சொல் பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. சிறப்புப் பெயருக்குக் கொடி பிடிக்கும் நண்பர்கள் இந்தச் சொல்லுக்காக ஓர் ஆசிரியருக்குக்கூடக் கடிதம் எழுதியதாகத் தெரியவில்லை.

தட்சிண கங்கோத்ரியின் முனை எவ்வளவு பின்வாங்குகிறது என்று 1983 முதல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினர் அளந்து வருகிறார்கள். "பனிப்பாறை பின்வாங்குகிறது" என்று அதைச் செய்தியில் படிக்கும் மாணவன், பாறை எப்படி ஐயா பின்வாங்கும் என்று கேட்டால், தென்பொதிகைக்காரர்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?