மணமில்லாத நஞ்சுக்கு ஒலிக்கும் கருவி வேண்டும்

2019 ஜனவரி 21 அன்று இரவு, பிரான்ஸின் நாந்த் நகரிலிருந்து வேல்ஸின் கார்டிஃப் நகருக்குப் புறப்பட்ட பைப்பர் மாலிபு என்ற ஒற்றை இன்ஜின் விமானம், கெர்ன்ஸி தீவுக்கு வடக்கே ஆங்கிலக் கால்வாயில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்தவர்கள் விமானியும், 28 வயதான அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவும். கார்டிஃப் சிட்டி அணி அவரை நாந்த் அணியிடமிருந்து சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு அப்போதுதான் ஒப்பந்தம் செய்திருந்தது. அதிகாரபூர்வத் தேடல் மூன்றே நாளில் நிறுத்தப்பட்டது. பிறகு, ரசிகர்களும் சக வீரர்களும் திரட்டிக் கொடுத்த பணத்தில் நடந்த தனியார் தேடலில், பிப்ரவரி 3 அன்று 68 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் தென்பட்டன. சாலாவின் உடல் மீட்கப்பட்டது. விமானியின் உடல் கிடைக்கவே இல்லை.

இந்த விபத்தைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும் பெரும்பாலும் விமானியின் உரிமத்தோடு நின்றுவிட்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. அவரிடம் இருந்தது தனியார் விமானி உரிமம். கட்டணம் வாங்கிக்கொண்டு பயணியை ஏற்றிச்செல்ல அது இடம் தராது. இரவில் பறப்பதற்கான தகுதி அவருக்கு இல்லை. ஒற்றை பிஸ்டன் இன்ஜின் விமானத்தை ஓட்டும் தகுதியும் 2018 நவம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. இது தெரிந்தும் பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021இல் கார்டிஃப் நீதிமன்றம் 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. அந்தத் தண்டனையில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்த மரணங்களின் கணக்கை அந்தத் தீர்ப்போடு முடித்துவிட முடியாது. முறையான உரிமம் உள்ள விமானியையும் கொல்லக்கூடிய ஒன்று அந்த விமானத்துக்குள் இருந்தது. அதைத் தடுக்கும் விதி இன்னும் பல நாடுகளில் அரைகுறையாகவே இருக்கிறது.

சாலாவின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஹீமோகுளோபினில் 58 சதவீதம் கார்பன் மோனாக்சைடோடு பிணைந்திருந்தது தெரியவந்தது. 50 சதவீதத்தைத் தாண்டினாலே ஆரோக்கியமானவரின் உயிருக்கும் ஆபத்து. கடலில் விழுவதற்கு முன்பே அவர் ஆழ்ந்த மயக்கத்தில் இருந்தார் என்று 2022இல் மரண விசாரணையின் ஜூரிகள் முடிவுசெய்தார்கள். விமானியும் அதே சிறிய கேபினில், அதே காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தார். அவரும் இந்த வாயுவால் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே 2020 மார்ச்சில் வெளியான பிரிட்டிஷ் விமான விபத்து விசாரணைப் பிரிவின் முடிவு. மேகத்தைத் தவிர்க்கக் கையால் ஓட்டித் திருப்பியபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. வேகம் வரம்பு மீறிப்போக, வானிலேயே அது உடைந்தது. வழிதெரியாத இருட்டு, பயிற்சிக் குறைவு, நஞ்சு ஏறிய மூளை மூன்றும் அந்தச் சில நிமிடங்களில் ஒன்றுசேர்ந்துவிட்டன.

இந்த நஞ்சு எங்கிருந்து வருகிறது? பிஸ்டன் இன்ஜின் உள்ள சிறிய விமானங்களில் குளிருக்குத் தனி ஹீட்டர் இருப்பது அரிது. சூடேறிக் கிடக்கும் புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகட்டு உறை போட்டு, அதற்குள் வெளிக்காற்றைச் செலுத்தி, சூடான காற்றைக் கேபினுக்குள் விடுகிறார்கள். குழாயில் முடியளவு விரிசல் விழுந்தால் போதும், புகை அந்தக் காற்றோடு கலந்து உள்ளே வந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய அறையில் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கியவர்கள் மறுநாள் எழாமல் போன செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். அதே வாயுதான் இது. தலைவலி, அசதி, தீர்மானிக்கும் திறன் மங்குவது என்று மெல்ல மெல்ல ஏறும். தன்னிடம் கோளாறு இருக்கிறது என்று உணர வேண்டிய மூளையைத்தான் அது முதலில் தாக்குகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பல விமானங்களில் ஒட்டியிருப்பது ஒரு சிறு அட்டை. அதன் நடுவிலுள்ள வட்டப் பொட்டு, வாயு பட்டால் கருக்கும். ஒலி எழுப்பாது, விளக்கு எரியாது. இரவில், மங்கலான காக்பிட்டில், மேகத்தையும் வானொலியையும் கவனித்துக்கொண்டிருக்கும் விமானி, ஏற்கெனவே மந்தமாகிவரும் மூளையோடு அந்தப் பொட்டின் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலமாக ஒலிக்கும் மின்னணுக் கருவி கையடக்க அளவில் கடையில் கிடைக்கிறது. அதன் விலை, இத்தகைய விமானத்துக்கு ஒருமுறை எரிபொருள் நிரப்பும் செலவில் சிறு பங்குதான்.

முறையாகப் பராமரித்தால் கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அதே விசாரணை அறிக்கையே அதற்குப் பதில் சொல்கிறது. புகைக்குழாயை அவ்வப்போது பரிசோதிப்பதால் மட்டும் இந்த அபாயம் நீங்கிவிடாது என்பதையும், எச்சரிக்கும் கருவி இல்லாததையும் விபத்துக்குத் துணைபோன காரணங்களாக அது பதிவுசெய்திருக்கிறது. பரிசோதனையில் நன்றாக இருந்த குழாய் அடுத்த வாரமே விரிசல் விடலாம். கடலுக்கு மேல் இரவில் மணி அடித்து என்ன பயன் என்பது இன்னொரு கேள்வி. ஹீட்டரை அணைக்கலாம், வெளிக்காற்றை உள்ளே விடலாம், அவசரநிலையை அறிவிக்கலாம். விமானி அப்போது ஜெர்சி கட்டுப்பாட்டு அறையோடு தொடர்பில் இருந்தார். கெர்ன்ஸியிலும் ஜெர்சியிலும் விமான நிலையங்கள் இருக்கின்றன. அவர் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாய்ப்பே அவருக்கும் சாலாவுக்கும் தரப்படவில்லை.

சொந்த விமானத்தில் பறப்பவர் தன் ஆபத்தைத் தானே ஏற்கிறார், அரசு ஏன் தலையிட வேண்டும் என்ற வாதத்துக்கு ஓரளவு வலு உண்டு. ஆனால் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பயணிக்கு எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்பதுகூடத் தெரியாது. அவர் எதை அறிந்து ஏற்றுக்கொண்டார்? பிரிட்டன் இதை உணர, விபத்து நடந்து கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் ஆயின. விமானி அல்லாத பயணியை ஏற்றும் பிஸ்டன் விமானங்களில் எச்சரிக்கும் கருவி கட்டாயம் என்ற உத்தரவு அங்கே 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமோ 2004இலேயே இதைப் பரிந்துரைத்தது. 1982 முதல் 2020 வரை இந்த வாயுவால் நேர்ந்த 31 விபத்துகளை அது கணக்கெடுத்தது; அவற்றில் 42 பேர் இறந்திருக்கிறார்கள். 31 விமானங்களில் ஒன்றில் மட்டுமே வாயுவைக் காட்டும் கருவி இருந்தது. அதுவும் ஒலியோ ஒளியோ எழுப்பாத வகை. 2022இல் வாரியம் அதே பரிந்துரையை மீண்டும் எழுத வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பு விமான உரிமையாளர்களுக்கு அறிவுரை சொல்வதோடு நின்றுகொண்டது. அந்த அமைப்பு இனியும் தாமதிக்காமல் கட்டாய விதியைக் கொண்டுவர வேண்டும். பிரிட்டனும் தன் உத்தரவைத் தனியே பறக்கும் விமானிகளுக்கும் நீட்டிக்க வேண்டும். மயங்கிய விமானியோடு போகும் விமானத்துக்குக் கீழே ஊர்களும் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன.