ஃபிஞ்சுக்கு விதை மட்டும் போதாது

ஃபிஞ்ச் கூட்டிலுள்ள விதைக் கிண்ணத்தை மெல்ல ஊதிப் பாருங்கள். நிறைந்து கிடந்ததில் பெரும்பகுதி உமியாகப் பறந்துவிடும். இந்தக் குருவி விதையை அலகில் உருட்டி, உள்ளிருப்பதை மட்டும் விழுங்கும்; உமி அதே கிண்ணத்தில் விழும். தீனி இருக்கிறது என்று நம்பி இரண்டு நாள் விட்டால், சில கிராமே தேறும் அந்தச் சிறு உயிர் பட்டினியில் போய்விடலாம். ஆகவே தினமும் உமியை ஊதிவிட்டுப் புது விதை போடுங்கள்.

ஆனால் அந்த விதையும் முழு உணவு அல்ல. கடையில் விற்கும் கலவையில் பெரும்பாலும் பனிவரகு, தினை, கனேரி விதை இருக்கும். நல்ல தானியங்களே. ஆனால் மாவுச்சத்துத்தான் மிகுதி. சுண்ணாம்புச்சத்தும் விற்றமின் ஏ-யும் மிகக் குறைவு. விற்றமின் டி3 இல்லவே இல்லை. ஆஸ்திரேலியப் புல்வெளியில் சீப்ரா ஃபிஞ்ச் புல்விதை தின்றுதானே வாழ்கிறது என்று கேட்கலாம். அங்கே அது முற்றாத பச்சை விதையும் தின்கிறது, இடையிடையே பூச்சியும் பிடிக்கிறது, வெயிலிலும் திரிகிறது.

ரொறன்ரோவில் வீட்டுக்குள் வளரும் குருவிக்குச் சிக்கலே அந்த வெயில்தான். குளிர்கால மாதங்களில் சூரியன் தாழ்ந்தே நிற்பதால், உடலில் டி3 உண்டாக்கும் புற ஊதாக் கதிர் போதிய அளவு தரைக்கு வருவதில்லை. கோடையிலோ, யன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். யன்னலோரம் கூட்டை வைத்தால் வெளிச்சம் கிடைக்கும், டி3 கிடைக்காது. டி3 இல்லையென்றால், குருவி கணவாய் ஓட்டை எவ்வளவு கொறித்தாலும் அந்தச் சுண்ணாம்பு உடம்பில் சரியாகச் சேராது. முட்டையிடும் பெட்டைக்குத்தான் ஆபத்து அதிகம்: முட்டை வெளியே வராமல் சிக்கி, விரைவிலேயே இறந்துபோகலாம்.

கணவாய் ஓடு எப்போதும் கூட்டில் தொங்கட்டும். பறவைகளுக்கென்று விற்கும் டி3 தூளை, பையில் குறித்த அளவுக்கு மேல் போகாமல், அவித்து மசித்த முட்டையில் தூவிக் கொடுங்கள். டி3 கூடினால் சிறுநீரகம் கெடும். முட்டை வாரம் இருமுறை போதும், குஞ்சு இருந்தால் தினமும் வேண்டும். விற்றமின் ஏ-க்குப் பொடியாக அரிந்த கேல் கீரை, துருவிய கரட். தினையை ஊறவைத்து முளைகட்டிக் கொடுத்தால் விரும்பித் தின்னும். இந்த ஈரத் தீனிகளைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், புளித்தால் நோய் வரும். அவகாடோ, சொக்லேற், வெங்காயம் ஆகவே ஆகாது.

தீனியில் சேராத ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும். குளிருக்கு யன்னலெல்லாம் பூட்டிய வீட்டில், ரெஃப்லோன் பூசிய தோசைக்கல்லை அடுப்பில் காயவிட்டு மறந்தால், அந்தப் புகை நிமிடங்களில் குருவியைக் கொன்றுவிடும். இரும்புக் கல்லே நல்லது.

விதையிலேயே வளர்ந்த குருவி முதல் நாள் கீரையைத் திரும்பியும் பார்க்காது. அதற்காக விதையை நிறுத்திவிடாதீர்கள். கீரையைக் குச்சிக்குப் பக்கத்தில் செருகி, வாரக்கணக்கில் பொறுமையாக வைத்துப் பாருங்கள். டி3 தூளைப் பனி விழத் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள்.