குடும்ப நலம்: மருந்து எழுதாத மருத்துவர்

சளி கண்ட குழந்தையைத் தூக்கிச் சென்று, “ஊசி போடுங்கள், டாக்டர்” என்று வேண்டுவோர் நம்மிடையே பலர். மருந்து எழுதாமல் அனுப்பும் மருத்துவரை நாம் குறைவாக மதிக்கிறோம். இது முறையா? சாதாரணச் சளி வைரசால் வருவது. ஆன்டிபயாட்டிக் மருந்தோ பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். வீணாகக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு நேரலாம். மெய்யாகவே தேவைப்படும் நாளில் அம்மருந்து பலிக்காமலும் போகலாம்.

தேவையற்ற சிகிச்சையினின்று நோயாளியைக் காப்பதும் மருத்துவரின் கடமை என்பதை, 1986-இல் பெல்ஜிய நாட்டுக் குடும்ப மருத்துவர் மார்க் ஜமூல் ‘நான்காம் நிலைத் தடுப்பு’ எனப் பெயரிட்டு விளக்கினார்.

1823-இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்த ஜிப்மர் நம் புதுவையில் இருப்பது பெரும்பேறு. ஆயினும் சிறு நோவுக்கெல்லாம் அங்கே விரைய வேண்டுவதில்லை. பாட்டியின் சர்க்கரை நோய் முதல் பேரனின் தடுப்பூசி வரை அறிந்த குடும்ப மருத்துவரிடம் முதலில் செல்லுங்கள். அவர் ஸ்கேன் எழுதினால், “இதன் முடிவு சிகிச்சையை மாற்றுமா?” என்று பணிவுடன் கேளுங்கள்.

குழந்தை மூச்சுத் திணறினாலும் பாலுண்ண மறுத்தாலும் கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்ற வேளைகளில், “மருந்து வேண்டாம், இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்போம்” என்னும் மருத்துவரை நம்புங்கள். அவருக்குரிய கட்டணத்தையும் மனமுவந்து கொடுங்கள். அந்த அறிவுரையும் சிகிச்சையே.