கேஸ் கட்டுக்கு யார் காவல்?

லண்டனில் குற்றவியல் வழக்குகளில் பேர்பெற்ற டக்கர்ஸ் சொலிசிட்டர்ஸ் என்ற வக்கீல் நிறுவனத்துக்குள் 2020 ஆகஸ்டில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழைந்தது. 9,72,191 கோப்புகள் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டன. அவற்றில் 24,712 கோப்புகள் நீதிமன்றக் கட்டுகளைச் சேர்ந்தவை. 60 கட்டுகளைத் திருடர்கள் உருவி, டார்க் வெப் கள்ளச் சந்தையில் போட்டுவிட்டார்கள். மருத்துவப் பதிவுகள், சாட்சிகளின் வாக்குமூலங்கள், பாதிக்கப்பட்டவர்களின் பெயர், முகவரி எல்லாம் வெளியே போயின.

பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2022-இல் அந்த நிறுவனத்துக்கு 98,000 பவுண்டு அபராதம் விதித்தது. சினிமாவில் வருகிற ஹேக்கர் சாகசத்தை அந்த உத்தரவில் தேடினால் ஏமாற்றம்தான். வெளியிலிருந்து அலுவலகக் கணினிக்குள் நுழைய ஊழியர்கள் பயன்படுத்திய சிட்ரிக்ஸ் மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் பேட்ச் 2020 ஜனவரியில் வந்தது. நிறுவனம் ஜூனில்தான் போட்டது. திருடர்கள் அந்த வழியாகத்தான் வந்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஐந்து மாதம் கதவு திறந்து கிடந்தது உண்மை. உள்ளே நுழைய பாஸ்வேர்டு மட்டும் போதும், இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. பழைய கட்டுகள் என்கிரிப்ஷன் இல்லாமலே கிடந்தன. நிறுவனமே வகுத்த ஏழாண்டு கெடு தாண்டியும் சிலவற்றை அழிக்காமல் வைத்திருந்தார்கள்.

இதைப் பார்த்தாவது மற்றவர்கள் சுதாரித்திருக்க வேண்டும். 2022 ஜூனில் டிபிபி லா என்ற இன்னொரு ஆங்கிலேய நிறுவனத்தில், எப்போதாவது மட்டும் பயன்படும் ஒரு அட்மின் கணக்கு வழியாக 32 ஜிபி தகவல் களவுபோனது. அந்தக் கணக்குக்கும் இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. தங்கள் கட்சிக்காரர்களின் விவரம் டார்க் வெப்பில் கிடப்பது, பிரிட்டனின் தேசியக் குற்றவியல் முகமை வந்து சொன்ன பிறகுதான் நிறுவனத்துக்கே தெரிந்தது. அபராதம் 60,000 பவுண்டு.

நம் சட்டமும் ரகசியக் காப்பில் கறாரானது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு, கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று வக்கீலைக் கட்டுப்படுத்துகிறது. குமாஸ்தாவுக்கும் அது பொருந்தும். வழக்கு முடிந்தாலும் கடமை முடியாது.

கோர்ட்டை ஒட்டிய ஜெராக்ஸ் கடையில் நடப்பதோ வேறு. ஜூனியர் ஓடிவந்து, கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து, விவாகரத்து மனுவையும் ஆதார் நகலையும் இறக்கி பிரிண்ட் எடுப்பார். அதற்குள் கேஸ் கூப்பிட்டுவிடுவார்கள். லாக் அவுட் செய்ய நேரமேது? டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அந்த மனு அப்படியே கிடக்கும், அடுத்த வாடிக்கையாளர் பார்க்கிற மாதிரி. வாய்தா பரபரப்பில் இது சகஜம்தான். ஆனால் அந்த மனுவில் இருப்பது ஒரு பெண்ணின் படுக்கையறைச் சங்கதி.

இதற்கு விலை உயர்ந்த சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்களைக் கொஞ்சம் காக்க வைக்கலாம். மெயிலுக்கும் கிளவுட் கணக்குக்கும் இரட்டைச் சரிபார்ப்பு போடக் காசு தேவையில்லை. அப்டேட் கேட்டால் 'பிறகு' என்று தள்ளாமல் அன்று மாலையே போடலாம். கோப்புகளின் நகலைத் தனி ஹார்டு டிஸ்கில் எடுத்து, வேலை முடிந்ததும் கழற்றி பீரோவில் வைக்க வேண்டும். செருகியபடியே விட்டால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். சீனியர், ஜூனியர், டைப்பிஸ்ட் அனைவருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்கிற வழக்கமும் ஒழிய வேண்டும். யார் எதைத் திறந்தார்கள் என்று பின்னால் கண்டுபிடிக்க அப்போதுதான் வழி இருக்கும்.

இதையெல்லாம் தனித்தனி வக்கீலின் விருப்பத்துக்கு விட்டால் நடக்காது. மனு தாக்கலையே இ-ஃபைலிங்குக்குக் கொண்டுவந்த பிறகு, பார் கவுன்சில் இதைப் புதிதாகப் பதிவு செய்யும் ஜூனியர்களுக்குக் கட்டாயப் பயிற்சியாக்க வேண்டும். அரை நாள் போதும். சீனியர்களையும் அதே வகுப்பில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது. ஆபீஸ் பாஸ்வேர்டை முடிவு செய்வது அவர்கள்தானே.