செல்லுக்கும் தலையெழுத்து உண்டா?

"தாயின் கருவிலே கண்ணுக்கும் தெரியாத ஒரு துளி, பத்து மாதத்தில் அது கண்ணாகவும், மூக்காகவும், நகமாகவும், நரம்பாகவும் ஆகிறதே, இதை யார் செய்தது? இதற்கும் உங்கள் பகுத்தறிவு பதில் சொல்லுமா?" என்று நம்மைக் கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல், "எல்லாம் அவன் எழுதிய எழுத்து" என்று தாங்களே முடிவும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். நாம் அதைக் குறை கூறவில்லை. கேள்வியைக் கேட்ட வாயே அதை அடைத்தும் விடுகிறதே என்பதுதான் நம்முடைய குறை. இந்தக் கேள்வியை அடைக்காமல், விடாமல் பிடித்துக்கொண்டு போனவர்கள் என்ன கண்டார்கள் என்பதை இங்கு எழுதுவோம்.

வளர்ந்த மனிதனுடைய உடம்பில் 30 லட்சம் கோடிக்கும் அதிகமான செல்கள் இருக்கின்றன. அவை 200க்கும் மேற்பட்ட வகையானவை. ரத்தச் செல் வேறு, எலும்புச் செல் வேறு, மூளைச் செல் வேறு. ஆனால் இவ்வளவும் ஒரே ஒரு செல்லிலிருந்து, அதாவது கருவுற்ற முட்டையிலிருந்து, இரண்டிரண்டாகப் பிரிந்து வந்தவையேயாகும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது?

ஜெர்மனியைச் சேர்ந்த வைஸ்மன் என்னும் அறிஞர் 1892இல் ஒரு யூகம் சொன்னார். செல்கள் பிரியும்போது பாரம்பரியப் பொருளும் பாகம் பிரிக்கப்படுகிறது. கண்ணுக்குப் போகும் செல்லுக்குக் கண்ணின் பங்கும், குடலுக்குப் போகும் செல்லுக்குக் குடலின் பங்கும்தான் மிஞ்சும் என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சொத்துப் பாகப்பிரிவினை ஆகிவிட்டால் அண்ணன் நிலம் தம்பிக்கு வராதல்லவா? அப்படியானால் குடல் செல் என்றைக்கும் குடல் செல்தான். அதன் தலையெழுத்து அதோடு முடிந்தது.

ஆனால் நியாயமாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை ஒப்புக்கொண்டு விடுவதா? சோதித்துப் பார்க்க வேண்டாமா? இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ஜான் கர்டன் என்பவர் சோதித்துப் பார்த்தார். ஒரு தவளை முட்டையை எடுத்து, அதன் சொந்தக் கருவை ஒளிக்கதிரால் அழித்தார். தலைப்பிரட்டையின் குடலில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு செல்லின் கருவை எடுத்து அதற்குள் வைத்தார். நூற்றுக்கு ஒன்றிரண்டு முட்டைகள்தான் தேறின. ஆனால் தேறினவை முழுத் தலைப்பிரட்டைகளாக நீந்தின! குடலின் பங்கு மட்டும் இருந்திருந்தால் கண்ணும் வாலும் எங்கிருந்து வந்திருக்கும்? ஆகவே குடல் செல்லுக்குள்ளும் முழுச் சொத்தும் அப்படியே இருக்கிறது. பாகப்பிரிவினை நடக்கவே இல்லை என்பது 1962இல் வெளிவந்தது. 1996இல் ஸ்காட்லாந்து தேசத்தில் வளர்ந்த ஆட்டின் மடிச் செல்லிலிருந்து டாலி என்னும் ஆட்டுக்குட்டி பிறந்தபோது மீதமிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

இந்தக் கர்டனுடைய தலையெழுத்தையும் ஒருவர் எழுதித்தான் வைத்திருந்தார். 1949இல், பள்ளிக்கூடத்தில், 250 பிள்ளைகளில் உயிரியல் பாடத்தில் கடைசிப் பிள்ளை இவர். விஞ்ஞானியாக வரவேண்டுமென்று இந்தப் பையன் நினைப்பது நகைப்புக்கிடமான எண்ணம் என்ற கருத்துப்பட உபாத்தியாயர் அறிக்கை எழுதினார். அதே பையனுக்கு 2012இல் நோபல் பரிசு கிடைத்தது. 2025இல் காலமான அவர் அந்த அறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தமது அறையிலேயே வைத்திருந்தார்.

சரி, எல்லாச் செல்லிலும் எல்லாம் இருக்கிறதென்றால், கண் ஏன் கண்ணாகவும், குடல் ஏன் குடலாகவும் இருக்கிறது?

ரிஜிஸ்தர் ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். ரிக்கார்டு அறையில் ஊர்ப் பத்திரம் எல்லாம் இருக்கிறது. ஆனால் எந்தப் பத்திரத்துக்கு உத்தரவு ஆகிறதோ அதற்கு மட்டும்தான் நகல் எடுத்துக் கொடுக்கிறார்கள். நகல் வந்தால்தான் வெளியில் காரியம் நடக்கும். செல்லுக்குள்ளும் இதே சங்கதிதான். டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் சுமார் 20,000 ஜீன்கள் புரதம் செய்வதற்கான குறிப்புகளாக இருக்கின்றன. ஒரு ஜீன் வேலை செய்ய வேண்டுமானால் முதலில் அதற்கு ஆர்.என்.ஏ. என்னும் நகல் எடுக்கப்பட வேண்டும். அந்த நகலைப் பார்த்துத்தான் புரதம் செய்யப்படுகிறது. சிவப்பு ரத்தச் செல்லாக வளரும் செல்லில் ஹீமோகுளோபின் ஜீனுக்கு ஓயாமல் நகல் எடுக்கப்படுகிறது. மூளைச் செல்லில் அதற்கு அப்படி உத்தரவு இல்லை. வித்தியாசம் பத்திரத்தில் இல்லை, நகலில்தான் இருக்கிறது.

உத்தரவு போடுகிறவர் யார்? இங்கேதான் நம் நண்பர்கள் ஆவலோடு காத்திருப்பார்கள். ஆனால் அங்கே எஜமான் ஒருவரும் இல்லை. 1961இல் பிரான்சு தேசத்து ஜாக்கோப், மோனோ என்னும் இருவர் நம் குடலில் வாழும் சாதாரண பாக்டீரியாவில் இதைக் காட்டினார்கள். பால் சர்க்கரையைச் செரிக்கும் ஜீன்களின் மேல் ஒரு புரதம் உட்கார்ந்து நகல் எடுக்கவிடாமல் தடுக்கிறது. பால் சர்க்கரை வந்தால் அந்தப் புரதம் விலகுகிறது, நகல் ஆரம்பமாகிறது. சர்க்கரைதான் மனு, புரதம்தான் காவல். மனிதரிடத்தில் ஏறக்குறைய 1,600 வகைப் புரதங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. சில நகலைத் தூண்டும், சில தடுக்கும். அன்றியும், ஒவ்வொரு செல்லிலும் 6 அடி நீளமுள்ள டி.என்.ஏ. நூல்கண்டு போலப் புரத உருண்டைகளின் மேல் சுற்றப்பட்டிருக்கிறது. இறுகச் சுற்றிய இடத்தில் நகல் எடுக்க முடியாது. தளர்ந்த இடத்தில் முடியும்.

"அந்தப் புரதங்களை முதலில் வைத்தது யார்?" என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும். பழ ஈயிடம் அதற்கும் பதில் கிடைத்திருக்கிறது. தாய் ஈ முட்டையை உண்டாக்கும்போதே ஒரு குறிப்பிட்ட ஆர்.என்.ஏ. நகலை அதன் ஒரு முனையில் வைத்துவிடுகிறது. அதிலிருந்து உண்டாகும் புரதம் அந்த முனையில் அதிகமாகவும், தூரம் போகப்போகக் குறைவாகவும் பரவுகிறது. அதிகமுள்ள இடத்தில் தலைக்கான ஜீன்கள் திறக்கின்றன. குறைந்த இடத்தில் வேறு ஜீன்கள் திறக்கின்றன. ஜெர்மனியில் நியூஸ்லைன்-வோல்ஹார்ட் என்னும் அம்மையாரும் டிரீவர் என்பவரும் 1988இல் இதைக் காட்டினார்கள். அந்த நகலை முட்டையின் வேறு இடத்தில் செலுத்தினால் அங்கே தலை உண்டாகிறது! எழுதியவன் கை எங்கே போயிற்று? எங்கே புரதம் அதிகமோ அங்கே தலை. இப்படி ஆரம்பித்த பிறகு, செல்கள் ஒன்றுக்கொன்று ரசாயனக் குறிகள் அனுப்பிக்கொள்கின்றன. பக்கத்துச் செல் என்ன சொல்லுகிறது என்பதைப் பொறுத்து இந்தச் செல்லின் ஜீன்கள் திறக்கவும் மூடவும் செய்கின்றன.

கண்ணைப் பற்றித்தானே பெரிதாகக் கேட்கிறார்கள்? 1995இல் சுவிட்சர்லாந்து தேசத்து பாசல் நகரில் கெரிங் என்பவரின் கூட்டத்தார், ஈயின் காலிலும் சிறகிலும் ஒரே ஒரு ஜீனைத் திறந்துவிட்டார்கள். அங்கெல்லாம் கண்கள் முளைத்தன. ஈயின் ஜீனுக்குப் பதிலாக எலியின் ஜீனை வைத்தும் பார்த்தார்கள். அப்போதும் கண்தான் முளைத்தது; அதுவும் எலிக் கண் அல்ல, ஈக் கண். ஈக்கும் எலிக்கும் பாட்டன் சொத்து ஒன்று என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நிற்க. இப்படியானால் நம் ஈரல் நாளைக்குக் கண்ணாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. சில உத்தரவுப் புரதங்கள் தங்கள் ஜீனையே தாங்கள் திறந்து வைத்துக்கொள்கின்றன. மூடின ஜீன்களின் மேல் ரசாயன அடையாளங்கள் பதிகின்றன. செல் பிரியும்போது அந்த அடையாளங்களும் அடுத்த செல்லுக்குப் போகின்றன. ஆகவே ஈரல் செல்லின் பிள்ளை ஈரல் செல்லாகவே இருக்கிறது. இது பழக்கத்தின் பலம், தலையெழுத்து அல்ல. இன்னும் ஒரு குறிப்பிட்ட வேலையில் முடிவாக அமராமல், தன்னைப்போல் பெருகவும், தேவைப்பட்டால் வேறு செல்லாக மாறவும் வல்ல செல்களுக்குத்தான் ஸ்டெம் செல் என்று பெயர்.

பழக்கம் என்றால் மாற்றலாம் அல்லவா? ஜப்பானில் கியோட்டோ நகரில் யமனாக்காவும் தகஹாஷியும் 2006இல் மாற்றிக் காட்டினார்கள். கருவின் இளஞ்செல்லில் வேலை செய்யும் ஜீன்களில் 24ஐப் பொறுக்கி, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, 4 போதும் என்று கண்டார்கள். எலியின் தோல் செல்லில் அந்த 4 ஜீன்களையும் செலுத்தியபோது, சில செல்கள் எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய இளஞ்செல்லாகத் திரும்பின. 2007இல் மனிதச் செல்லிலும் இது நடந்தது. நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை என்பதையும், அந்த 4இல் ஒன்று புற்றுநோயைத் தூண்டக்கூடியது என்பதையும் மறைக்கக்கூடாது. இருந்தாலும், திரும்பவே திரும்பாது என்று சொல்லப்பட்டது திரும்பிவிட்டது. கர்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இந்த யமனாக்காவே.

தோழர்களே! தலையெழுத்து பொய் என்று கேட்டு மகிழ்வதோடு நாம் நின்றுவிடக்கூடாது. ஏனெனில் பழைய தாயத்து விற்ற கடையிலேயே இன்று புதிய தாயத்தும் விற்கப்படுகிறது. அதன் பெயர் "ஸ்டெம் செல் சிகிச்சை". முடக்குவாதத்துக்கும், நீரிழிவுக்கும், பிள்ளைகளின் ஆட்டிசத்துக்கும், முழங்கால் வலிக்கும் ஒரே ஊசி என்று விளம்பரம் செய்யப்படுகிறது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறவர்கள் யார்? வேறு வழியில்லாமல் தவிக்கிற தாய் தகப்பன்மார்.

ஒரே காலத்தில் நடந்த இரண்டு சம்பவங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். முதுமையில் கண்ணின் நடுப்பார்வை கெட்டுப்போகும் ஒரு நோய் உண்டு. ஜப்பானில் கோபே நகரில் 2014இல், 70 வயது தாண்டிய ஒரு மூதாட்டியின் தோல் செல்லை இளஞ்செல்லாக்கி, அதைக் கண்திரைச் செல்லாக வளர்த்து, ஒரு கண்ணில் மட்டும் வைத்தார்கள். இரண்டாவது நோயாளிக்குத் தயாரான செல்களில் ஜீன் மாற்றங்கள் தென்பட்டதும் வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு மூதாட்டியின் பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று உள்ளபடியே எழுதினார்கள். அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் 2015இல், அதே நோயுள்ள 72 முதல் 88 வயது வரையுள்ள 3 பெண்களிடம் தலைக்கு 5,000 டாலர் வாங்கிக்கொண்டு, வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்ததை "ஸ்டெம் செல்" என்று சொல்லி, இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போட்டார்கள். மூவரும் இருந்த பார்வையையும் பெரும்பாலும் இழந்தார்கள். இந்த இரண்டு செய்தியும் 2017 மார்ச்சில் ஒரே மருத்துவப் பத்திரிகையின் ஒரே இதழில் வெளியாயின.

இரண்டு இடத்திலும் சொல் ஒன்றுதான். ஓரிடத்தில் அந்தச் செல்லில் எந்த ஜீன் திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்; மற்ற இடத்தில் பெயரை மட்டும் நம்பினார்கள். கொழுப்பில் இருந்த செல்லைக் கண்ணில் கொண்டுபோய் விட்டால் அது தானாகவே கண்ணாகிவிடும் என்பதற்கும், மந்திரம் சொன்னால் மண் பொன்னாகும் என்பதற்கும் என்ன வித்தியாசம்? உத்தரவு கொடுக்காமல் நகல் வராது என்பதுதானே இவ்வளவு நேரம் நாம் பார்த்தது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை வைத்துச் சில குறிப்பிட்ட நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்றதைத்தான் நிலைபெற்ற சிகிச்சையாக ஒப்புக்கொண்டது. மற்றவற்றை அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே எவராவது உங்களிடம் ஸ்டெம் செல் என்று சொல்லிப் பணம் கேட்டால், நீங்களும் கேளுங்கள்: இது எந்தச் செல்? எங்கிருந்து எடுத்தது? அது உடம்பில் போய் என்னவாகும் என்று எதைக்கொண்டு அறிந்தீர்கள்? இது ஆராய்ச்சி என்றால் அனுமதி எங்கே, என்னிடம் பணம் எதற்கு? படிப்பில்லாதவரும் கேட்கக்கூடிய கேள்விகளே இவை. பதில் சொல்லாமல் கோபித்துக்கொள்கிற இடத்தில் ஒரு நிமிஷமும் உட்காராதீர்கள்.

வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னார் என்று நம்புவதும், விபூதி பூசியவர் சொன்னார் என்று நம்புவதும் நம்மைப் பொறுத்தவரையில் ஒன்றேதான். குடல் செல்லின் தலையெழுத்து முடிந்துவிட்டது என்று சொன்னவரும் பேரறிஞரே. அவர் சொன்னதற்காக ஒருவரும் அடங்கிவிடவில்லை. ஒரு தவளை முட்டையை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் புத்திதான் நமக்கும் வேண்டும்.