இன்ஜினை மாற்றினால் கோப்பை வந்துவிடுமா?

பதிவு கொஞ்சம் நீளம்தான். நேரம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

வாத்தியாருக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் மகன் தீவிரமான பெர்னாண்டோ அலோன்சோ ரசிகன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஃபார்முலா 1 பார்த்துப் பார்த்து எனக்கும் தொற்றிக்கொண்டது. இன்னும் சில வாரங்களில் மெல்போர்னில் 2026 சீசன் தொடங்குகிறது. அலோன்சோ ஓட்டும் ஆஸ்டன் மார்ட்டின் அணி மெர்சிடிஸ் இன்ஜினை விட்டுவிட்டு ஹோண்டாவோடு சேர்ந்திருக்கிறது. காரை வடிவமைக்க ஏட்ரியன் நியூவி வந்திருக்கிறார். சில்வர்ஸ்டோனில் புதுத் தொழிற்சாலை, சொந்தக் காற்றுச் சுரங்கம் எல்லாம் தயார். "அப்பா, இந்த வருஷம் நம்ம வருஷம்" என்கிறான் மகன்.

எனக்கு 2015 ஞாபகம் வருகிறது. அன்றைக்கும் இதே மகன், இதே அலோன்சோ, இதே ஹோண்டா. அணிதான் வேறு, மெக்லாரன்.

அன்றைய எதிர்பார்ப்புக்கு நியாயம் இருந்தது. 1988-இல் செனாவும் ப்ரோஸ்டும் ஓட்டிய மெக்லாரன்-ஹோண்டா 16 பந்தயங்களில் 15-ஐ வென்ற அணி. அந்தப் பெயரைக் கேட்டதும் ரசிகர்கள் கோப்பையை இப்போதே அலமாரியில் வைத்துவிட்டார்கள். நடந்தது என்ன? 2015-இல் 27 புள்ளிகள், 9-வது இடம். பெல்ஜியத்தில் இன்ஜின் பாகங்களை மாற்றியதற்காக இரண்டு கார்களுக்கும் சேர்த்து 100-க்கும் மேற்பட்ட கிரிட் இடங்கள் தண்டனை. களத்தில் இருந்ததே 20 கார்கள்! ஹோண்டாவின் சொந்த மைதானமான சுசூகாவில், இது கீழ்நிலைப் பந்தயத்துக்கான இன்ஜின் என்று அலோன்சோ ரேடியோவில் கத்தியதை உலகமே கேட்டது. 2016-இல் கொஞ்சம் தேறி 6-வது இடம். 2017-இல் மறுபடியும் 9.

மூன்று வருடம் பொறுத்த ரசிகன் கோபப்பட்டதில் தப்பே இல்லை. ஹோண்டா இன்ஜினில் நிஜமாகவே கோளாறு இருந்தது. மற்ற நிறுவனங்கள் 2014-இலேயே இந்த ஹைபிரிட் இன்ஜினோடு களம் இறங்கிவிட்டன. ஹோண்டா ஒரு வருடம் கழித்து வந்தது. அதோடு, காரின் பின்பக்கத்தை ஒல்லியாக வைக்க வேண்டும் என்று மெக்லாரன் நெருக்கியதால், இன்ஜினையும் சுருக்கிச் செய்ய வேண்டியதாயிற்று. ஆக, தப்பில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

ஆனால் அந்தக் கோபத்திலிருந்து ரசிகர்கள் எடுத்த முடிவுதான் தப்பு. எங்கள் கார் முன்வரிசைக் கார்களுக்கு ஈடானது, இன்ஜின்தான் காலை வாருகிறது என்ற பேச்சு அணிக்குள்ளிருந்தே வந்தது. ரசிகர்களும் நம்பினோம். 2018-இல் ஹோண்டா போய் ரெனோ வந்தது. இனி சாக்கு இல்லை. அதே ரெனோ இன்ஜினை வைத்து ரெட் புல் அந்த வருடம் நான்கு பந்தயங்களை வென்றது. மெக்லாரன் ஒரு தடவைகூட மேடை ஏறவில்லை. வேண்டாம் என்று அனுப்பிய ஹோண்டாவோ டோரோ ரோசோ என்ற சின்ன அணிக்குப் போய், இரண்டாவது பந்தயத்திலேயே பஹ்ரைனில் 4-வது இடம் பிடித்தது. மெக்லாரனோடு இருந்த மூன்று வருடங்களில் ஒரு தடவைகூட 5-வது இடத்தைத் தாண்டாத ஹோண்டா அது!

பள்ளிக்கூடத்தில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அரைப் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்தால், பெற்றோர் முதலில் டியூஷன் வாத்தியாரை மாற்றுவார்கள். முழுப் பரீட்சையிலும் அதே மார்க் வரும். பிறகுதான் பையனுக்கு நான்காம் வகுப்புப் பின்னமே புரியவில்லை என்பது வெளியே வரும். பழைய வாத்தியார் சுமாரானவராகவே இருந்திருக்கலாம். ஆனால் அவர் இருந்த வரைக்கும் யாரும் பையனின் நோட்டைத் திறந்து பார்க்கவில்லை.

மெக்லாரன் அந்த நோட்டைத் திறந்து பார்த்தது 2018-க்குப் பிறகுதான். பொறுப்பில் இருந்தவர்கள் மாறினார்கள். ஆண்ட்ரியாஸ் சைடில் வந்தார், ஜேம்ஸ் கீ வந்தார். 2019-இல் அதே ரெனோ இன்ஜினோடு 145 புள்ளிகள், 4-வது இடம். இன்ஜின் செய்து கொடுத்த ரெனோவின் சொந்த அணி 5-வது. 2020-இல் 3-வது இடம். அதற்கப்புறம்தான், 2021-இல், மெர்சிடிஸ் இன்ஜினுக்குப் போனார்கள். அந்த வருடம் மோன்சாவில் ஒன்பது வருடங்களுக்குப் பிறகு ஒரு வெற்றி. அப்போதும் கோப்பை உடனே வரவில்லை. 2023 தொடக்கத்தில் கார் கடைசி வரிசையில் திணறியது. 2024-இல்தான், 26 வருடங்களுக்குப் பிறகு, அணிக்கான பட்டம் கிடைத்தது.

அந்த 2024 பட்டியலை என் மகனுக்கு எழுதியே காட்டினேன். மெர்சிடிஸ் இன்ஜின் நான்கு அணிகளிடம் இருந்தது. மெக்லாரன் 1, மெர்சிடிஸ் 4, ஆஸ்டன் மார்ட்டின் 5, வில்லியம்ஸ் 9. இன்ஜின் ஒன்றுதான், மார்க் மட்டும் நான்கு விதம்.

இந்த வருடத்துக்கு வருவோம். விதிகளே புதுசு. இன்ஜின் சக்தியில் கிட்டத்தட்டப் பாதி மின்சாரத்திலிருந்து வர வேண்டும். ஹோண்டா 2020-இல் விலகுவதாக அறிவித்து, 2023-இல் திரும்பி வருவதாகச் சொன்ன நிறுவனம். இவ்வளவு காலம் மெர்சிடிஸ் கொடுத்த இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வாங்கி மாட்டிய ஆஸ்டன் மார்ட்டின், இப்போது கியர்பாக்ஸைத் தானே செய்ய வேண்டும். ஒன்று ஜப்பானில், ஒன்று இங்கிலாந்தில் என்று இருக்கும் இரண்டு தொழிற்சாலைகள் ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியப் பழக வேண்டும். இது ஒரு குளிர்காலத்தில் முடிகிற வேலை இல்லை.

அப்படியானால் ரசிகன் எதையுமே எதிர்பார்க்கக் கூடாதா? தாராளமாக எதிர்பார்க்கலாம். காசும் நேரமும் தூக்கமும் செலவு செய்பவனுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. சரியான கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. முதல் வருடத்தில் நான் மூன்று விஷயங்களைத்தான் பார்ப்பேன். கார் பந்தயத்தை ஓடி முடிக்கிறதா? மார்ச்சில் வந்த கோளாறு செப்டம்பரிலும் வருகிறதா? தோற்ற நாளில் அணியும் இன்ஜின்காரரும் கேமரா முன்னால் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்களா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் 8-வது இடத்தில் முடித்தாலும் எனக்குக் கவலை இல்லை. சரியில்லை என்றால், அதிர்ஷ்டத்தில் ஒரு மேடை கிடைத்தாலும் நான் கை தட்ட மாட்டேன்.

இதில் எனக்கு ஒரே வருத்தம் உண்டு. வரும் ஜூலையில் அலோன்சோவுக்கு 45 வயது. அவர் கடைசியாகப் பட்டம் வென்றது 2006-இல், கடைசியாகப் பந்தயம் வென்றது 2013-இல். பொறுத்திருங்கள் என்று நான் சொல்வது அணிக்குப் பொருந்தும், அவருக்குப் பொருந்தாது. மெக்லாரன் திரும்பி எழுந்தபோது அந்தப் பலனை அனுபவித்தவர் நோரிஸ். கஷ்டப்பட்ட அலோன்சோ அங்கே இல்லை. ஹோண்டாவின் முன்னேற்றமும் 2021-இல் வெர்ஸ்டாப்பனின் பட்டமாகத்தான் வந்தது. இந்தத் தடவையும் அப்படியே நடக்கலாம். இவர் ஓட்டிப் பழுது கண்டுபிடித்துக் கொடுக்கும் கார், இவர் போன பிறகு ஜெயிக்கலாம்.

மகனிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படி நடந்தாலும் நான் அந்த அணியைத்தான் பார்ப்பேன்பா, அதுல அவர் உழைப்பும் இருக்கும்ல?" என்றான். பதினோரு வருடத்தில் பையன் தேறிவிட்டான். எனக்கு அது போதும்.

மெல்போர்ன் பந்தயத்துக்கு நாங்கள் இருவரும் விடியற்காலையிலேயே எழுந்துவிடுவோம். உங்கள் எதிர்பார்ப்பு என்ன என்று கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்தும் வரட்டும், மரியாதையோடு வரட்டும்.