பட்டாளத்து மாமாவும் ஒத்தை வரி முடிவும்

எங்க தெருவுல ஒரு பட்டாளத்து மாமா இருக்கார். 24 வருஷம் சர்வீஸ் போட்டு, 2006-ல ஹவில்தாரா ஓய்வு பெற்றவர். ராஜஸ்தான் எல்லை, காஷ்மீர்னு எல்லாம் சுத்திட்டு, கடைசி ரெண்டு வருஷம்தான் அமைதிப் பகுதியில இருந்தார். போன வாரம் ஒரு படிவம் நிரப்பித் தரச் சொல்லிக் கூப்பிட்டார். அதுக்காக டிரங்குப் பெட்டியைக் குடைஞ்சப்போ ரெண்டு பழைய காகிதம் கையில சிக்கியது.

முதல் காகிதம், அவர் வெளியே வரும்போது நடந்த மருத்துவக் குழுவோட முடிவு. உயர் ரத்த அழுத்தம், 30 சதவீத ஊனம், ஆயுள் முழுக்க. அதுக்குக் கீழே ஒரு வரி: ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை. காரணம்? அமைதிப் பகுதியில் இருந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவுதான்!

ரெண்டாவது காகிதம், 2007-ல அவர் போட்ட முதல் மேல்முறையீட்டை நிராகரிச்ச கடிதம். அதே வரி, வேற லெட்டர்ஹெட்.

"அப்புறம் என்ன மாமா செஞ்சீங்க?"ன்னு கேட்டேன்.

"என்ன செய்யறது தம்பி... ரெண்டு தடவை இல்லைன்னுட்டாங்க. கவர்மென்ட்டோட யாரு மல்லுக்கட்டுறது?"

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து இந்த விஷயத்தைப் படிச்சேன். படிக்கப் படிக்க வயிறு எரிஞ்சது. அதான் இந்தப் பதிவு.

ஊன ஓய்வூதியம் கிடைக்க ரெண்டு விஷயம் வேணும். நோயோ காயமோ ராணுவப் பணியோட தொடர்புடையதா இருக்கணும். பணிக்காலம் முடிஞ்சு வர்றவருக்கு ஊனம் குறைந்தது 20 சதவீதம் இருக்கணும். மருத்துவக் குழு தொடர்பில்லைன்னு எழுதிட்டா, முதல் மேல்முறையீட்டுக் குழு, ரெண்டாவது மேல்முறையீட்டுக் குழுன்னு போகணும். அங்கேயும் இல்லைன்னா ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ல சட்டம் வந்து, 2009-ல செயல்பட ஆரம்பிச்சது. சென்னையிலும் ஒரு கிளை இருக்கு. வழக்கைக் கேட்கிற அமர்வில் ஒரு முன்னாள் நீதிபதியும், ராணுவத்தில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் இருப்பாங்க.

மாமா காலத்துல இருந்தது 1982-ம் வருஷத்து விதிகள். அது என்ன சொல்லுதுன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கு. தன் பக்கத்தை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சிப்பாய்க்குக் கிடையாது. நியாயமான சந்தேகம் இருந்தா அதோட பலன் சிப்பாய்க்குத்தான். கொலை வழக்குல குற்றவாளிக் கூண்டுல நிக்கிறவனுக்குத் தர்ற அதே சலுகை!

இதை உச்ச நீதிமன்றம் 2013-ல தரம்வீர் சிங் வழக்கில் தெளிவாவே சொல்லிடுச்சு. அவர் 1985-ல சேர்ந்த சிப்பாய். வலிப்பு நோய்னு 1994-ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, 20 சதவீத ஊனம். பணிக்குத் தொடர்பில்லைன்னு மருத்துவக் குழு எழுதியது. நீதிமன்றம் கேட்டது எளிமையான கேள்வி. சேரும்போது நீங்கதானே பரிசோதிச்சு எடுத்தீங்க? அப்போ நோய் இருந்ததா எதுவும் குறிக்கலையே? அப்படின்னா நல்ல உடம்போட வந்தார்னுதான் எடுத்துக்கணும். தொடர்பில்லைன்னு சொல்றவங்கதான் காரணம் காட்டணும். அவர் ஜெயிச்சார், ஆனா வெளியே வந்து 19 வருஷம் கழிச்சு.

இப்போ பணக் கணக்கு. 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்துல 30 சதவீதம். அப்போ மாமாவோட 30 சதவீதத்துக்கு 9 சதவீதம் வரும். 50-க்குக் கீழே இருக்கிற ஊனத்தை 50-ன்னு எடுத்துக்கிற முறை ஒண்ணு இருக்கு. பணிக்காலம் முடிச்சு வந்தவங்களுக்கும் அது உண்டுன்னு 2014-ல ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. அதன்படி 15 சதவீதம். மாசாமாசம் மாத்திரை வாங்குற மனுஷனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

சரி, இப்பவாவது போகலாமேன்னா, போகலாம். ஆனா 2008-ல தர்செம் சிங் வழக்கில் வந்த தீர்ப்பு ஒண்ணு இருக்கு. அவர் 1983-ல வெளியே வந்து, 1999-லதான் கோர்ட்டுக்குப் போனார். பழைய பாக்கியை வழக்குப் போட்டதுக்கு முந்தைய மூணு வருஷத்துக்கு மட்டும் கொடுத்தாங்க. அப்போ மாமா இன்னிக்கு ஜெயிச்சாலும் ஏறக்குறைய இருபது வருஷப் பணத்துல பெரும்பகுதி போனது போனதுதான். தப்பா எழுதினவங்களுக்கு நஷ்டமில்லை. அதை நம்பி வாயை மூடிக்கிட்டவருக்குத்தான் நஷ்டம். என் ஆத்திரமே இதுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கு, மறைக்கலை. ஓய்வு பெறும் அதிகாரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊன ஓய்வூதியத்தோடு போறாங்கன்னு 2023-ல தணிக்கை அறிக்கையே சொல்லியிருக்கு. சிப்பாய்கள் மத்தியில் அது பாதிகூட இல்லை. அதே வருஷம் செப்டம்பர் 21 முதல் புதிய விதிகளும் வந்தாச்சு. துஷ்பிரயோகம் இருந்தா தடுக்கட்டும், யார் வேண்டாம்னா? ஆனா எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? பொய்க் கோரிக்கையைப் பிடிக்கவும் காரணம் எழுதணும், உண்மைக் கோரிக்கையை மறுக்கவும் காரணம் எழுதணும். ஒத்தை வரி ரெண்டுக்கும் உதவாது.

நான் கேட்கிறது ஒண்ணுதான். காரணம் எழுதாத மருத்துவக் குழு முடிவை முதல் மேல்முறையீட்டுக் குழுவே திருப்பி அனுப்பணும். உச்ச நீதிமன்றம் தீர்த்து வச்ச கேள்வியை ஒவ்வொரு ஹவில்தாரும் தனித்தனியா வக்கீல் வச்சு மறுபடி கேட்கணுமா? தெம்பும் காசும் இருக்கிறவர் மேலே போய் வாங்கிடுறார். மத்தவங்க டிரங்குப் பெட்டியில பூட்டி வச்சிடுறாங்க.

மாமாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "பணம் கிடக்கட்டும் தம்பி. பட்டாளத்துலதான் வந்துச்சுன்னு ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்தாப் போதும்"னார்.

வர்ற திங்கட்கிழமை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அவரைக் கூட்டிட்டுப் போறேன். உங்க தெருவிலயும் ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். பெட்டியில என்ன காகிதம் இருக்குன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. வழக்குப் போடுறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்களைப் பாருங்க.